சுற்றடக்கி ஐயாவின் குளிர்ந்த அருள்

காலை ஆறு மணிக்கே வரிசை பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது. ஏதோ இலவசமாகத் தருகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக் கடைசியில் போய் நின்றவர்களும் அதில் உண்டு. நின்ற பிறகுதான் விசாரித்தார்கள். தலைசுற்றலுக்கு வைத்தியம் என்று தெரிந்தது. "எனக்கும்தான் அப்பப்போ சுத்துது" என்று அங்கேயே தங்கிவிட்டார்கள். நம் ஜனங்களுக்கு வரிசையைக் கண்ணில் காட்டினால் போதும், அதற்கேற்ற நோய் தானாக வந்துவிடும்.

வரிசையின் மறுமுனையில், பழைய மாவு மில்லுக்கு வெள்ளையடித்து உண்டாக்கிய கூடத்தில் வீற்றிருந்தவர் சுற்றடக்கி ஐயா. இந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். பலகை எழுதியவனுக்குத்தான் தெரியும். வாசலில் அந்தப் பலகை ஆள் உயரத்துக்கு நின்றது: "தலைசுற்றல் எதுவாயினும் மூன்றே ஊற்று!"

ஐயாவின் சித்தாந்தம் எளிமையானது. மனிதனுடைய காதுக்குள் சுழலி என்று ஓர் ஆவி குடியிருக்கிறதாம். வாடகை கொடுக்காது, காலியும் செய்யாது. அது எழுந்து ஓடினால் தலை சுற்றும். படுத்தால் சுற்றுகிறதா? சுழலி. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா? சுழலி. மொட்டை மாடியிலிருந்து கீழே பார்த்தால் கால் நடுங்குகிறதா? அதுவும் சுழலி. மாமியார் வாயைத் திறந்தால் கிறுகிறுக்கிறதா? பெரிய சுழலி.

பாவம் அந்தச் சொல்! தலைசுற்றல் என்று ஒன்றை நம் மொழியில் வைத்தாலும் வைத்தார்கள், கிழிந்த சாக்குப்பை மாதிரி கையில் கிடைத்ததையெல்லாம் அதில் திணித்துவிட்டோம். வயிறு காய்ந்தாலும் தலைசுற்றல், வெயிலில் நின்றாலும் தலைசுற்றல், தூக்கம் கெட்டாலும் தலைசுற்றல், வேலைக்குப் போகப் பிடிக்காத திங்கட்கிழமையும் தலைசுற்றல். இவ்வளவையும் ஒரே பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தால், ஒருவன் வந்து அந்தப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு போகத்தானே செய்வான்? ஐயா தூக்கிக்கொண்டு போனார்.

வைத்தியம் இப்படி நடக்கும். நோயாளியைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலைக்குக் கனமான தலையணை ஒன்றை வைப்பார்கள். ஐயா கண்ணை மூடி, மூக்கு வைத்த கெண்டியைத் தலைக்கு மேல் தூக்குவார். கெண்டியின் வெளிப்புறம் முத்து முத்தாக வியர்த்திருக்கும். "பாருங்கள், சுழலிக்குப் பயந்து தீர்த்தமே வியர்க்கிறது!" என்று சீடர் மைக்கில் சொல்வார். யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. பிறகு தண்ணீர் சொளசொளவென்று காதில் இறங்கும். அரை நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் நடக்கும். கூரை சுழலும், கட்டில் கவிழும், விழிகள் இங்குமங்கும் வெட்டி வெட்டி ஓடும். "மாட்டிக்கொண்டது! சுழலி மாட்டிக்கொண்டது!" என்று ஐயா கர்ஜிப்பார். மந்திரம் முழங்கும். இரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கி, ஆள் எழுந்து உட்கார்ந்து கண்ணீர் விடுவான். கூட்டம் கைதட்டும்.

இதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. சுழலிக்குச் சுற்றும் பொருளும் வட்டப் பொருளும் என்றால் உயிராம். அவை வீட்டில் இருந்தால் போனது திரும்பி வந்துவிடுமாம். ஆகவே மோதிரம், வளையல், கைக்கடிகாரம், மேசை விசிறி, மிக்சி என்று வட்டமாக இருப்பதும் வட்டமடிப்பதும் ஐயாவின் காலடிக்கு வந்தாக வேண்டும். அவர் அவற்றை "கட்டி வைப்பார்". சப்பாத்திக்கட்டையும் சுற்றுகிறதே என்று ஒரு பக்தை கொண்டுவந்தாள். அதை மட்டும் ஐயா பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த வரிசையில் இரண்டு தடவை நின்றவர் ஒரு பெயின்டர். அடுக்குமாடிக் கட்டடங்களின் வெளிச்சுவருக்கு வர்ணம் அடிப்பவர். பதினாறு வருஷமாகக் கயிற்றில் தொங்கும் பலகையில் நின்று பிழைப்பு நடத்துகிறவர். ஐந்து வாரத்துக்கு முன் ஒன்பதாவது மாடியில், ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த தளத்தின் அடிப்பக்கத்துக்கு வர்ணம் அடிக்கத் தலையை அண்ணாந்தார். கட்டடமே சுழன்றது. பக்கத்தில் நின்றவன் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இந்தக் கதையில் அவர் வந்திருக்க மாட்டார்.

கீழே இறங்கியதும் சக வேலையாட்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "உயரத்தைக் கண்டா தலை சுத்துதாம்பா. பயம் வந்துடுச்சு அண்ணனுக்கு." விழுந்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஐந்து வாரம் பொறுத்துப் பார்த்த மேஸ்திரி வரும் திங்கட்கிழமை வரை கெடு வைத்தார். பதினாலாவது மாடிக்கு ஏறினால் வேலை, ஏறாவிட்டால் வேறு ஆள்.

பெயின்டருடைய மனைவிக்கு ஒரு தங்கை. ஃப்ரிட்ஜ் மெக்கானிக். தோளில் ஒரு பையும் வாயில் ஒரு கேள்வியுமாக ஊரெல்லாம் சுற்றுகிறவள். வெள்ளிக்கிழமை மாலை அக்கா வீட்டுக்கு வந்தவள், விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன் தொழில் கேள்வியை எடுத்தாள்.

"சுத்துதுன்னா எது மாமா சுத்துது?"

"இது என்ன கேள்வி? தலைதான்."

"தலை கழுத்து மேல சும்மாதான உக்காந்திருக்கு. என் கஸ்டமருங்களும் இப்படித்தான், 'ஃப்ரிட்ஜ் ஓடல'ம்பாங்க. போய்ப் பாத்தா ஒரு வீட்ல பல்பு ஃப்யூஸு, ஒரு வீட்ல கதவு மூடல, ஒரு வீட்ல ப்ளக்கே சொருகல. ஓடலன்னா என்ன ஆகுதுன்னு கேட்டுத்தான் நான் ஸ்க்ரூவைத் தொடுவேன். சொல்லுங்க, எது சுத்துது?"

பெயின்டர் யோசித்தார். இதுவரை அவரை யாரும் யோசிக்கச் சொன்னதில்லை.

"ரூமு சுத்துது. சுவரு, கதவு எல்லாம் ஒரே பக்கமா ஓடுது."

"எப்போ?"

"படுக்கையில வலப்பக்கம் திரும்பினா. இல்லன்னா அண்ணாந்து பாத்தா. இருபது எண்றதுக்குள்ள நின்னுடும்."

"பலகையில நின்னு கீழ பாத்தா?"

"கீழ பாத்தா ஒண்ணும் ஆகாது. மேல பாத்தாதான்."

"அப்போ இது பயம் இல்ல மாமா. பயந்தவன் கீழ பாத்துத்தான் பயப்படுவான். வானத்தைப் பாத்து எவன் பயப்படறான்?"

ஐந்து வாரத்தில் முதல் தடவையாகப் பெயின்டருக்கு உட்கார்ந்திருக்கும் நாற்காலி உறுதியாக இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போலாம்" என்றாள் மெக்கானிக்.

அக்கா பதறிப்போனாள். "வாயைக் கழுவுடி! டாக்டர் காதைத் தொட்டா சுழலி புள்ளைங்க காதுக்குத் தாவிடும்னு ஐயா சொல்லியிருக்காரு. ரெண்டு ஊத்து முடிஞ்சாச்சு. ஞாயித்துக்கிழமை மூணாவது ஊத்து. திங்கக்கிழமை தைரியமா ஏறலாம்னு வாக்குக் கொடுத்துட்டாரு."

"ரெண்டு ஊத்துக்கு அப்புறம் படுக்கையில திரும்பினா சுத்துதா, இல்லையா?"

"சுத்துது. ஆனா அது வாலு மட்டுந்தானாம். தலை போயிடுச்சாம்."

"பதினாலாவது மாடியில மாமா அண்ணாந்து பாக்கறப்போ அந்த வாலு ஆடினா?"

அக்காவுக்குப் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் நம்பிக்கை வைப்பதுதானே வழக்கம்? "நீ ஒரு நாஸ்திகம் பேசறவ, போடி" என்று சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே மிக்சி இருந்த இடம் காலியாக இருந்தது.

இதற்கிடையில் ஐயாவின் கூடத்தில் ஒரு விபரீதம் நடந்துகொண்டிருந்தது. புதன்கிழமையிலிருந்து காதில் எவ்வளவு ஊற்றினாலும் யாருக்கும் ஒன்றும் சுற்றவில்லை. நோயாளிகள் ஈரக் காதோடு எழுந்து உட்கார்ந்து, "ஐயா, ஒண்ணுமே ஆகலயே?" என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். நோய் வராததற்காக வைத்தியரிடம் புகார் சொன்ன கூட்டம் உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கும். சீடர் மைக்கைப் பிடித்தார். "சுழலிகள் அனைத்தும் மௌனத்தில் இருக்கின்றன! ஞாயிற்றுக்கிழமை கலையும்!" கூட்டம் பக்தியோடு தலையாட்டியது. கேட்கவே அழகாக இருந்தது அல்லவா?

சனிக்கிழமை மதியம் மெக்கானிக்குக்கு ஒரு போன் வந்தது.

"பெரிய ஃப்ரிட்ஜ் ஒண்ணு ஓடல. ரொம்ப அவசரம். மாவு மில்லுக்குப் பின்வாசல் வழியா வாங்க. முன்னாடி வராதீங்க."

போனாள். கதவைத் திறந்தவர் மைக்கில் பேசும் அதே ஐம்பது வயதுச் சீடர். திரைச்சீலைக்குப் பின்னால், காவித் துணி போர்த்தி நின்றது கடைகளில் வைக்கும் பெரிய ஃப்ரிட்ஜ். அதைச் சுற்றிலும் பதினேழு மேசை விசிறிகள், ஒரு மூலையில் மிக்சிகள், ஒரு டப்பா நிறைய கைக்கடிகாரங்கள், துணி காயப்போடும் கம்பி ஒன்றில் வரிசையாகக் கோத்த வளையல்கள். கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றிய ஒரு மிக்சியை மெக்கானிக் உற்றுப் பார்த்தாள். அந்த டேப்பைச் சுற்றியவள் அவள்தான்.

ஒன்றும் தெரியாதவள் போல் பையை இறக்கினாள்.

"ஓடலன்னா என்ன ஆகுது? லைட் எரியலயா, குளிரலயா?"

"குளிரல. புதன்கிழமையிலேர்ந்து."

கதவைத் திறந்தாள். பால் இல்லை, காய்கறி இல்லை, ஒரு எலுமிச்சம்பழம்கூட இல்லை. பதினொரு கெண்டிகளில் தண்ணீர்.

"தண்ணி மட்டும்தானா? இதுக்கா இவ்ளோ அவசரம்?"

"தீர்த்தம்மா அது."

"சரி, தீர்த்தம் வெளிய இருந்தா கெட்டுப்போயிடுமா?"

"கெட்டெல்லாம் போகாது. வேலைதான் செய்யாது" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் சீடர்.

கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ரிலே எரிந்திருந்தது. மாற்றினாள். கம்ப்ரசர் ஒரு தடவை உதறிவிட்டு முனக ஆரம்பித்தது. திரையை விலக்கிக்கொண்டு ஐயாவின் தலை எட்டிப் பார்த்தது.

"எத்தனை மணிக்குள்ள குளிரும்?"

"சாயந்திரம் ஆறுக்குள்ள நல்லா குளிர்ந்துடும் ஐயா."

ஐயா சீடர் பக்கம் திரும்பினார். "ஆறரைக்கே சுழலிகள் மௌனம் கலைச்சிடும்னு மைக்கில சொல்லிடு."

மெக்கானிக்குக்குச் சிரிப்பை அடக்குவதுதான் அன்றைய வேலையிலேயே கஷ்டமான வேலையாக இருந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் கதவைச் சாத்தினாள். அவளுக்கு ஒரு பழைய ஞாபகம் இருந்தது. ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் குழாய் பழுதுபார்க்கும்போது ஐஸ் தண்ணீர் காதில் பீய்ச்சி அடித்து, தலை சுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது பயத்தில் வந்தது என்று நினைத்திருந்தாள். இப்போது அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பட்டறை உதவிக்கு இருந்த தோழியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பெஞ்சில் மல்லாக்கப் படுத்து, தலைக்கு ஒரு டூல் பையை வைத்து, தன் ஃப்ரிட்ஜில் இருந்த குடிதண்ணீரைத் தன் காதிலேயே ஊற்றச் சொன்னாள்.

அரை நிமிடம். பிறகு பட்டறை சுழன்றது. பெஞ்சின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். மந்திரம் யாரும் சொல்லவில்லை. தோழி, "சனியனே, உனக்கு வேற வேலை இல்லையாடி?" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடத்தில் எல்லாம் நின்றது. தலை தெளிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். காது ஈரமானது, வேறொன்றும் நடக்கவில்லை.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார் ஐயா! கிள்ளுவதற்கு ஒரு ஃப்ரிட்ஜ், ஆட்டுவதற்கு ஒரு மந்திரம். நடுவில் வளையல்கள் கம்பியில் ஏறுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலை. மௌனம் கலைந்த செய்தி பரவி, கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது. அக்காவும் பெயின்டரும் வரிசையில் நின்றார்கள். கூடவே மெக்கானிக். கையில் டூல் பை, ஒரு பிளாஸ்க் வெந்நீர், இன்னொரு பிளாஸ்க்கில் ஐஸ் போட்ட குழாய்த் தண்ணீர்.

"நீ எதுக்குடி வந்த?" என்றாள் அக்கா.

"மாமாவுக்குத் துணைக்கு."

நிற்கிற நேரத்தில் சும்மா இருக்கிற வாயா அது? முன்னால் நின்ற தையல்காரம்மாவிடம் ஆரம்பித்தாள். அந்த அம்மா ஒரு காதில் பஞ்சு வைத்திருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு எது சுத்துது?"

"எதுவும் சுத்தாதும்மா. பதினோரு மணி ஆச்சுன்னா கண்ணைக் கட்டிக்கிட்டு வரும். கை நடுங்கும்."

"காலைல என்ன சாப்பிடுவீங்க?"

"சாப்பிட எங்க நேரம்? எட்டு மணிக்கு மிஷின்ல உக்காரணுமே."

"அப்போ அது பசிக்கா."

"பசிக்குப் போயி இவ்ளோ பேரு வரிசையில நிப்பாங்களா?" என்று தையல்காரம்மா சிரித்தாள். சிரித்ததும் காதைப் பிடித்துக்கொண்டாள். "நாலு ஊத்து ஆயிடுச்சு. மூணாவதுலேர்ந்து காதுல சீழ் வருது. சுழலி அழுகி வெளிய வருதுன்னு ஐயா சொன்னாரு."

மெக்கானிக்கின் முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது. பசிக்கு வரிசையில் நின்றவள் காதைக் கெடுத்துக்கொண்டு நிற்கிறாள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்ததன் பலன் இது.

மெக்கானிக்குக்குப் பின்னால் ஒரு பெரியவர், உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுகிறதாம். ஒரு குமாஸ்தா, மூன்றாவது மாடி ஆபீசின் ஜன்னலோரம் நின்றால் உள்ளங்கால் கூசுகிறதாம். ஒரு அம்மாவுக்கு மகன் காதலிக்கும் பெண்ணை நினைத்தாலே சுற்றுகிறதாம். முப்பது பேரைக் கேட்டதில், அறை சுழல்கிறது என்று சொன்னவர்கள் மூன்றே பேர். மிச்சப் பேரெல்லாம் சொல்லில்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

பெயின்டரின் முறை வந்தது. கட்டிலில் படுத்தார். ஐயா கெண்டியை உயர்த்தி மந்திரித்து முடித்ததும் மெக்கானிக் முன்னால் வந்தாள்.

"ஐயா, ஒரு நிமிஷம். இந்தத் தீர்த்தத்தைக் கொஞ்சம் வெந்நீர்ல வெச்சு, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து ஊத்தலாமா?"

ஐயாவுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. தொண்டையைக் கனைத்தார். "பெண்ணே, தீர்த்தத்தைச் சூடு செய்வது பாவம்."

"சுழலி குடியிருக்கறதே சூடான உடம்புலதானே ஐயா? வெதுவெதுப்புக்குப் பழகின பேய்க்கு வெந்நீர் ஒத்துக்காதா?"

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். "வெச்சுத்தான் பாக்கட்டுமே" என்று ஒரு குரல். கூட்டத்துக்கு எப்போதும் வேடிக்கை வேண்டும், யாருடையதானாலும் சரி. ஐயா தலையசைக்க வேண்டியதாயிற்று. மெக்கானிக் பிளாஸ்க் வெந்நீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, கெண்டியை அதில் நிறுத்தி, தெர்மாமீட்டர் குச்சியை உள்ளே விட்டாள். முப்பத்தேழு. ஊற்றினார்கள். அரை நிமிடம் போனது, ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடமும் போனது.

"என்ன மாமா?"

"காது ஈரமா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

ஐயா சும்மாவா ஐயா ஆனார்? கண நேரத்தில் இரு கையையும் தூக்கினார். "பார்த்தீர்களா? சுற்றவே இல்லை! சுழலி அடியோடு போய்விட்டது! நாளை இவன் வானம் வரை ஏறுவான்!"

கூட்டம் கைதட்டியது. அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுற்றினால் சுழலி மாட்டிக்கொண்டது, சுற்றாவிட்டால் சுழலி ஓடிவிட்டது. பூவா தலையா போட்டு இரண்டையும் தானே எடுத்துக்கொள்கிறவனை எப்படி ஜெயிப்பது?

மெக்கானிக் ஒரு கணம் திகைத்தாள். கைதட்டல் ஓயவில்லை. நாளை இதே கைதட்டலை நம்பி ஒரு மனிதர் பதினாலாவது மாடியில் அண்ணாந்து பார்க்கப் போகிறார். அவள் கட்டிலை நெருங்கினாள். பட்டென்று சொன்னாள்.

"மாமா, தலையணையை எடுத்துட்டு வலப்பக்கம் திரும்பிப் படுங்க."

பெயின்டர் திரும்பினார். திரும்பிய கணம் "ஐயோ!" என்று கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தார். விழிகள் துடித்தன. அவள் சத்தமாக எண்ணினாள். பதினெட்டில் நின்றது.

"குணமான ஆளைப் பாத்துக்கோங்க! இவருதான் நாளைக்குக் கயித்துல தொங்கப் போறாரு."

கைதட்டிய கைகள் அப்படியே நின்றன.

"அது... வால்" என்றார் ஐயா. "ஒளிந்திருக்கிறது. என்னைப் போலச் சுத்தமான காதாக இருந்தால் வாலும் தங்காது. முப்பது வருஷமாகச் சுழலி அண்டாத காது இது!" சீடர் அதை மைக்கில் ஒரு தடவை திரும்பச் சொன்னார்.

இதைத்தான் அவள் எதிர்பார்த்து நின்றாள்.

"அப்போ உங்க காதுல எந்தத் தண்ணி ஊத்தினாலும் ஒண்ணும் ஆகாது இல்லையா ஐயா?" என்று இரண்டாவது பிளாஸ்க்கைத் திறந்தாள். "இது வெறும் குழாய்த் தண்ணி. மந்திரம் கிடையாது. வேணும்னா உங்க முன்னாடியே திட்டிக் காட்டறேன்." பிளாஸ்க்கின் வாயில் வாயை வைத்தாள். "மூதேவி! உருப்படாத தண்ணி! நீ விளங்கவே மாட்ட! நாசமாப் போ!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"இதெல்லாம் அபச்சாரம்!" என்று ஐயா எழுந்தார். அவரை உட்காரவைத்தது மெக்கானிக் இல்லை, தையல்காரம்மா. கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, ஊத்திக் காட்டுங்க ஐயா. இவ வாயை அடைங்க. நாங்க உங்களை நம்பி நாலு ஊத்து ஊத்திக்கிட்டோமே, நீங்க ஒரே ஒரு ஊத்து ஊத்திக்கக் கூடாதா?"

"ஆமா ஐயா! ஊத்துங்க ஐயா!" என்று கூடமே கத்தியது. பக்தர்கள் அன்போடு ஐயாவைத் தூக்கிக் கட்டிலில் சாய்த்தார்கள். அன்புக்குத் தப்பி ஓட முடியுமா? திட்டு வாங்கிய தண்ணீர் முப்பது வருஷத்துச் சுத்தமான காதில் இறங்கியது.

அரை நிமிடம் ஐயா கூரையைப் பார்த்துப் புன்னகைக்க முயன்றார். பிறகு புன்னகை ஒரு பக்கமாகப் போயிற்று. விழிகள் இங்குமங்கும் வெட்டின. "பிடிங்க! பிடிங்க! விழறேன்! கட்டிலைப் பிடிங்கடா!" என்று செந்தமிழை மறந்து அலறினார். காலையில் சாப்பிட்டதெல்லாம் காவித் துணியில் வந்து விழுந்தது.

இனி ஜனங்களுக்கு விளங்கிவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? நீங்கள் நம் ஜனங்களை அறியவில்லை.

"ஐயா காதுலயே சுழலி!" என்று ஒருவர் கத்தினார். "இருக்கறதுலயே பெரிய சுழலி!" என்றார் பெரியவர். "யாராவது மந்திரம் சொல்லுங்கப்பா!" என்று குமாஸ்தா ஓடினான். மகனின் காதலியால் தலைசுற்றும் அம்மா தன் வளையலையே கழற்ற ஆரம்பித்துவிட்டாள்.

அவர்களைக் காப்பாற்றியது சீடர்தான். பதற்றத்தில் கையில் மைக் இருப்பதை மறந்துவிட்டார். அவர் மெக்கானிக்கைப் பார்த்துக் கத்தியது தெருமுனை வரை ஒலிபெருக்கியில் கேட்டது.

"அடிப்பாவி! குளுகுளுன்னு ஃப்ரிட்ஜ் தண்ணியையா ஊத்தின? நேத்து நீதான அந்த ஃப்ரிட்ஜையே சரி பண்ணிக் கொடுத்த!"

எல்லாத் தலைகளும் சீடர் பக்கம் திரும்பின. மெக்கானிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னாள். "யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க, ஒண்ணும் செய்யாதீங்க. ரெண்டு நிமிஷம்."

இரண்டு நிமிடத்தில் ஐயாவின் விழிகள் நின்றன. மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"இப்போ இவரு சுழலியை யாரு விரட்டினா?" என்று கேட்டாள். "குளிர்ந்த தண்ணி போனா யாரு காதா இருந்தாலும் சுத்தும். அதுவாவே நிக்கும். அதுக்கு நடுவுல இவரு மந்திரம் சொல்றாரு." திரைச்சீலையைப் பிடித்து இழுத்தாள். ஃப்ரிட்ஜும், விசிறிகளும், கம்பியில் கோத்த வளையல்களும் வெளிச்சத்துக்கு வந்தன. "கட்டி வெச்ச சுழலிங்க எல்லாம் அங்க இருக்கு. அவங்கவங்களுது எதுன்னு பாத்து எடுத்துக்கோங்க."

அதன் பிறகு நடந்த நெரிசலில் ஐயாவுக்கு உண்மையிலேயே தலை சுற்றியிருக்கும். தையல்காரம்மா மட்டும் எதையும் எடுக்கப் போகவில்லை. கட்டிலின் அருகே போய் நின்றாள்.

"எனக்குப் பசிதானேயா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. என் காதை ஏன்யா கெடுத்த?"

ஐயா தரையைப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு அவரிடம் ஊற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. பெயின்டர் பதினாலாவது மாடிக்குப் பதிலாக ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடிக்கு ஏறினார். தையல்காரம்மாவும் கூட வந்து பக்கத்து அறையில் காதைக் காட்டினாள். காது நோய்களை மட்டுமே பார்க்கும் டாக்டரம்மா பெயின்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "சுத்துதுன்னா எது சுத்துது?" அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் அவரைக் கட்டிலில் சாய்த்து, தலையை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்தார். காத்திருந்தார். மறுபக்கம் திருப்பினார். காத்திருந்தார். உடம்போடு உருட்டினார். உட்காரவைத்தார். தண்ணீர் இல்லை, கெண்டி இல்லை.

"காதுக்குள்ள மணல் மாதிரி பொடித் துகள் இருக்கும். அது இடம் மாறிப் போச்சு. பழைய இடத்துக்குத் தள்ளியிருக்கேன். ஒரு வாரம் உயரத்துல ஏறாதீங்க, அப்புறம் வந்து காட்டுங்க."

"இவ்ளோதானா? இதுக்கு மந்திரம் ஒண்ணும் கிடையாதா?" என்றாள் அக்கா, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"ஏன் இப்படிச் செஞ்சேன்னு கேட்டீங்கன்னா சொல்வேன். அது வேணுமா?"

பெயின்டர் கேட்டார். டாக்டர் காகிதத்தில் ஒரு காதை வரைந்து காட்டினார். மேஸ்திரியிடம் அந்தக் காகிதத்தை நீட்டி, "இது பயம் இல்ல, பொடி" என்று பெயின்டர் சொன்னபோது, பதினாறு வருஷத்தில் அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை. மேஸ்திரி ஒரு வாரத்துக்குத் தரைத்தளச் சுவரைக் கொடுத்தார். கொடுக்கும்போது அவரும் சும்மா இருக்கவில்லை. "எனக்கும்கூட ஒரு மாதிரி தலை சுத்துதுப்பா..." என்று ஆரம்பித்தார். "எது சுத்துது?" என்று பெயின்டர் கேட்டார். மேஸ்திரி முழித்தார்.

அடுத்த வாரம் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு பெயின்டர் ஏறினார். தலையை அண்ணாந்தார். கட்டடம் நின்ற இடத்திலேயே நின்றது. கீழே அக்கா அண்ணாந்து பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

ஐயா ஊரைவிட்டுப் போய்விட்டார். எங்கேயோ மூட்டுவலிக்குப் பலகை எழுதக் கொடுத்திருக்கிறாராம். வரிசையும் உருவாகத் தொடங்கிவிட்டது என்று கேள்வி. போக நினைப்பவர்களைத் தடுக்க நான் யார்? ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் தலையை இன்னொருவன் கையில் ஒப்படைக்குமுன், நீங்களே அதை ஒரு தடவையாவது உபயோகித்துப் பாருங்கள். இன்னும் புத்தம் புதிதாகவே இருக்கும்.